அறிவிப்பிலேயே முடிந்துவிடும் தேர்வு

அரசுப் பணித் தேர்வுகளின் வரலாறு பொதுவாக வென்றவர்களின் பட்டியலாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் ஐ.சி.எஸ். என்ற இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் தேறிய முதல் இந்தியர். 1869-இல் ஒரே ஆண்டில் நான்கு இந்தியர்கள். 1920-இல் சுபாஷ் சந்திர போஸ் நான்காம் இடம். இந்தப் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது: தேர்வு எழுதும் வாய்ப்பே இல்லாமல் போனவர்கள் யார்? அந்த விடை வினாத்தாளிலும் இல்லை, முடிவுப் பட்டியலிலும் இல்லை. காலியிடங்களை அறிவிக்கும் தாளில், வயது இவ்வளவு, தேர்வு நடக்கும் ஊர் இது, இன்ன பாடத்துக்கு இத்தனை மதிப்பெண், முன்தகுதி இன்னது என்று வரும் நான்கைந்து வரிகளில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நம் காலம் வரை அரசுப் பணியைப் பற்றி நடந்த பெரிய சண்டைகள் எல்லாம் இந்த வரிகளைச் சுற்றித்தான் நடந்தன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒருவரது பிறப்பைப் பெயர் சொல்லி விலக்கிய விதிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. யாருடைய பெயரையும் சொல்லாத விதிகளோ நெடுங்காலம் நின்றன. விலக்கிய ஆட்களின் எண்ணிக்கையும் அவற்றுக்கே அதிகம்.

தேர்வுக்கு முன்பிருந்த நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேர்வுமுறைக்கு அநீதி செய்தவர்களாவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர்பதவிகள் அதன் இயக்குநர்களின் கையில் இருந்த நியமனங்கள். மகன், மருமகன், நண்பரின் பிள்ளை என்று அவை பங்கிடப்பட்டன. அவை பணத்துக்குக் கைமாறுகின்றன என்ற புகார் முற்றி, 1809-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே விசாரணை நடத்தியது. 1806-இல் தொடங்கி 1858-இல் மூடப்பட்ட ஹெய்லிபரி கல்லூரி, இப்படி நியமனம் பெற்ற இளைஞர்களுக்கு மெருகேற்றி அனுப்பியது. சென்னைக்கு வந்தவர்கள் 1812-இல் கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் உருவான செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழோ தெலுங்கோ படித்துத் தேற வேண்டியிருந்தது. அந்த வகையில் சென்னையில் தேர்வு என்பது முன்பே உண்டு. ஆனால் அது பதவி கிடைத்த பிறகு எழுதும் தேர்வு. மதம், பிறப்பிடம், நிறம் காரணமாக எவருக்கும் பதவி மறுக்கப்படாது என்று 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு அறிவித்தது. நியமனம் இயக்குநர் கையில் இருக்கும்வரை அந்தப் பிரிவால் ஓர் இந்தியருக்கும் பயனில்லை. 1853-இல் நியமன உரிமை பறிக்கப்பட்டு, 1854-இல் மெக்காலே குழு திட்டம் வகுத்து, 1855-இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. பிரிட்டனின் உள்நாட்டுப் பணிகளுக்கும் தேர்வு வேண்டும் என்று நார்த்கோட்டுடன் சேர்ந்து அறிக்கை எழுதிய டிரெவிலியன் மெக்காலேயின் மைத்துனர். 1859-இல் சென்னை ஆளுநராக வந்தவரும் அவரே. சிபாரிசை ஒழிக்கக் குடும்பமாகவே பாடுபட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் சாதனை வேடிக்கையன்று. இயக்குநரைத் தெரியாத ஒரு பாதிரியார் மகன் முதன்முறையாக உள்ளே வர முடிந்தது.

இப்போது அந்தத் திட்டத்தின் மதிப்பெண் அட்டவணையைப் பார்ப்போம். மொத்தம் 6,875. ஆங்கிலக் கட்டுரை, இலக்கியம், வரலாற்றுக்கு 1,500, கணிதத்துக்கு 1,000, கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தலா 750, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியத்துக்குத் தலா 375, இயற்கை அறிவியலுக்கும் ஒழுக்க அறிவியலுக்கும் தலா 500, சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. இந்தியாவை ஆளப் போகிறவருக்கான தேர்வில் ஐரோப்பியச் செம்மொழிகள் இரண்டுக்கும் சேர்த்து 1,500, கீழைச் செம்மொழிகள் இரண்டுக்கும் அதில் பாதி. மக்கள் பேசும் மொழிகள், தமிழ் உட்பட, அட்டவணையிலேயே இல்லை; அவை தேறிய பின் படிக்க வேண்டியவை. இதை நியாயப்படுத்தக் குழுவிடம் ஒரு வாதம் இருந்தது. பதவிக்கான தனிப் பயிற்சியைச் சோதிக்கக் கூடாது. தோற்றவனுக்கும் தான் படித்தது வீண்போகாதபடி, நல்ல பொதுக்கல்வி எது என்று பல்கலைக்கழகங்கள் கருதுகின்றனவோ அதையே சோதிக்க வேண்டும். வாதம் வலுவானதுதான். கிரேக்கம் படித்தவன் கலெக்டர் வேலைக்குத் தகுதியானவன் என்று அவர்கள் சொல்லவில்லை. கிரேக்கத்தில் முதலிடம் பெறும் உழைப்பும் கூர்மையும் உள்ளவன் எதையும் கற்றுக்கொள்வான் என்றார்கள். அப்படியானால் அதே உழைப்பைச் சமஸ்கிருதத்தில் காட்டியவனுக்குப் பாதி மதிப்பெண் ஏன் என்ற கேள்விக்கு இந்த வாதத்தில் விடையில்லை. பின்னர் கீழை மொழிகளின் மதிப்பெண் 500 ஆக உயர்ந்தது. சத்யேந்திரநாத் தேறியதற்கு அடுத்த ஆண்டே அது மீண்டும் 375 ஆகக் குறைக்கப்பட்டது. அவருடன் லண்டன் சென்ற மன்மோகன் கோஷ் இருமுறை எழுதியும் தேறவில்லை.

வயது வரம்பின் கதை இதைவிடத் தெளிவானது. 1855-இல் உச்ச வயது 23. சில ஆண்டுகளில் அது 22 ஆயிற்று, 1866-இல் 21, 1878-இல் 19. கல்கத்தாவிலோ சென்னையிலோ பதினாறு வயதில் மெட்ரிகுலேஷன் முடிக்கும் மாணவன், பட்டப்படிப்பை விட்டுவிட்டு, குடும்பத்தின் சேமிப்பைத் திரட்டி, கடல் கடந்து போய், அங்குள்ள பயிற்சியாளர்களிடம் இலத்தீன் கற்றுப் பத்தொன்பதுக்குள் எழுத வேண்டும். இரண்டு தடைகள் ஒன்றையொன்று பெருக்கின. 19 என்பது சிறுவயதில் வெற்றி பெறுவோரைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு பயிற்றுவதற்காக வைக்கப்பட்டதே தவிர, இந்தியரைத் தடுப்பதற்கன்று என்பது அன்றைய அரசின் விளக்கம். நோக்கத்தைப் பற்றி நாம் ஊகிக்க வேண்டியதில்லை. வைஸ்ராய் லிட்டனே 1878-இல் எழுதிய ரகசியக் குறிப்பில், இந்தியருக்குத் தந்த வாக்குறுதியை நிறைவேற்ற முடியாது என்பது தெரிந்தே, அவர்களை நேராகத் தடுப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் இடையில் நேர்மை குறைந்த வழியையே தேர்ந்தோம் என்ற பொருளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வயதைக் குறைத்ததையும் அதற்குச் சான்றாக அவரே காட்டுகிறார். மறு ஆண்டே ‘நல்ல குடும்பத்து’ இந்திய இளைஞர்களை நியமனம் செய்யும் ஸ்டாட்யூட்டரி சிவில் சர்வீஸ் கொண்டுவரப்பட்டது. தேர்வின் வாசல் குறுகியதும், ஒழித்துவிட்டதாகச் சொன்ன நியமனம் பக்கவழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இங்கே ஒரு வழக்கை நினைவுபடுத்த வேண்டும். 1869-இல் தேறிய சுரேந்திரநாத் பானர்ஜியை வயது மீறியவர் என்று தேர்வாணையர்கள் நீக்கினார்கள். அவர் 1848 நவம்பரில் பிறந்தவர். தேர்வின்போது வயது இருபதுதான். பிறந்தநாள் கடந்து நடக்கும் ஆண்டையே வயதாகச் சொல்லும் நம் நாட்டு வழக்கப்படி மெட்ரிகுலேஷன் பதிவில் ஓராண்டு கூடியிருந்தது. அவர் லண்டன் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார். இடம் திரும்பக் கிடைத்தது. அதே சுரேந்திரநாத் 1877-இல், வரம்பு பத்தொன்பதாகப் போகிறது என்றதும், நீதிமன்றம் போகவில்லை, போகவும் முடியாது. இந்தியச் சங்கத்தின் சார்பில் வட இந்தியா முழுவதும், அடுத்த ஆண்டு பம்பாய், சென்னை மாகாணங்களிலும் கூட்டம் கூட்டினார். விதி தன்மீது தவறாகப் பொருத்தப்பட்டது என்றால் வழக்காடலாம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, அதன் சுமை மட்டும் ஒரு பக்கமாக விழுந்தால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? அரசியல் கிளர்ச்சி ஒன்றுதான் வழி. அனைத்திந்திய அளவிலான முதல் அரசியல் பிரசாரம் ஒரு தேர்வறிவிப்பின் வயது வரியை எதிர்த்து எழுந்தது தற்செயலன்று.

வயது வரம்பு மீண்டும் 23 ஆனது 1892-இல், அரசுப் பணிகளை ஆராய்ந்த, சேலம் ராமசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த அய்ச்சிசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு. ஆனால் இந்தியாவிலும் லண்டனிலும் ஒரே நேரத்தில் தேர்வு என்ற கோரிக்கையை அந்த ஆணையம் ஏற்கவில்லை. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவை அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மாகாண அரசுகளிடம் கருத்துக் கேட்டார்கள். எல்லாரும் எதிர்க்க, ஆதரித்தது சென்னை அரசு ஒன்றுதான். நம்மவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளும் செய்திகளில் இது ஏனோ இடம்பெறுவதில்லை. தீர்மானம் கிடப்பில் போயிற்று. ஐரோப்பியர் போதிய எண்ணிக்கையில் இருந்தே ஆக வேண்டும் என்ற அரசின் நிலைப்பாடு வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஆனால் அறிவிப்பில் அப்படி ஒரு வரி கிடையாது, தேர்வு நடக்கும் ஊரின் பெயர் மட்டுமே உண்டு. எழுத்துத் தேர்வில் தேறியவருக்கும் தடைகள் தீரவில்லை. அரவிந்தர் 1890-இல் நல்ல இடத்தில் தேறியும் குதிரையேற்றச் சோதனையை முடிக்காததால் பதவி பெறவில்லை. அவருக்கு அதில் விருப்பமில்லை என்பதும் உண்மை. இந்திய மண்ணில் முதல் ஐ.சி.எஸ். தேர்வு அலகாபாத்தில் நடந்தது 1922-இல். லண்டனில் முதல் தேர்வு நடந்து 67 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எந்தத் தேர்வுக்கும் சில நிபந்தனைகள் வேண்டாமா, அவற்றால் சிலர் விடுபடுவது இயல்புதானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. நம்மிடமே அதற்குப் பழைய சான்று இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகக் கொண்டாடுகிறோம். ஓலையைக் குடத்திலிட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது பாரபட்சமற்ற முறைதான். ஆனால் யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதைக் கல்வெட்டு அதற்கு முன்பே முடித்துவிடுகிறது: வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35-க்கு மேல் 70-க்குள் வயது, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தள்ளுபடி. இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல. கணக்குக் காட்டாதவரை விலக்குவது பதவியின் தேவை. நிலமும் வேதமும் கேட்பது அந்தப் பிராமண ஊரின் சமூக அமைப்பு. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை தரும்போது, நிபந்தனை வகுத்தவர்களே நிலத்தின் அளவு பதவிக்கு இன்றியமையாதது அல்ல என்று காட்டிவிடுகிறார்கள். எந்த நிபந்தனையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்: இது வேலை கேட்கிற தகுதியா, வேலை கொடுப்பவர் விரும்புகிற ஆளின் அடையாளமா? பத்தொன்பது வயதும் இலத்தீனும் இந்தச் சோதனையில் தேறா. வயது 19-இலிருந்து 23-க்குத் திரும்பியபோது நிர்வாகம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. டெபுடி கலெக்டர் போன்ற மாகாணப் பணிகளுக்கு 1892 முதல் 1904 வரை போட்டித் தேர்வு நடந்தது. கடல் கடக்க வேண்டாம், கிரேக்கம் வேண்டாம், எழுதியவரெல்லாம் இந்த மாகாணத்தவர். தேறியவர்கள் 16 பேர்; அவர்களில் 15 பேர் பிராமணர். சென்னை அரசின் உயர் அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ 1913-இல் அரசுப் பணிகளை ஆராய்ந்த இஸ்லிங்டன் ஆணையத்தின் முன் அளித்த சாட்சியத்தில் வந்த இந்தக் கணக்கை, 1916 டிசம்பரில் பிட்டி தியாகராய செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கை எடுத்தாண்டது. அதே சாட்சியத்தின்படி 140 டெபுடி கலெக்டர்களில் 77 பேரும், 128 மாவட்ட முன்சீப்களில் 93 பேரும் பிராமணர். மாகாண மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்றுபேர் அளவே. விதியில் ஒரு கோணலும் இல்லை, முடிவு மட்டும் கோணல் என்றால், அது திறமையின் கோணல்தானே என்று அன்று வாதிட்டவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அறிவிப்பில் எஞ்சியிருந்த ஒரே நிபந்தனையான ஆங்கிலக் கல்வியே அங்கே முழுச் சல்லடையாக வேலை செய்தது. 1844-இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் ஆங்கிலம் கற்றவர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று அறிவித்ததிலிருந்து, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி மெட்ரிகுலேஷனும் பட்டமும் வேலைக்கு அளவுகோலானது வரை, அந்தப் படிப்பை முதலில் எட்டிப்பிடித்தது ஏற்கெனவே எழுத்தும் கணக்கும் தொழிலாகக் கொண்டிருந்த குடும்பங்கள். திறமை இருந்ததா என்றால் இருந்தது. அந்தத் திறமை விளைய வாய்ப்பிருந்த வயல் மிகச் சிறியது. இது அதிகாரிகளுக்குத் தெரியாததும் அல்ல. மாவட்டப் பதவிகள் ஒரு சில செல்வாக்கான குடும்பங்களின் ஏகபோகமாகிவிடாமல் முக்கியச் சாதிகளிடையே பிரித்தளிக்க வேண்டும் என்று வருவாய் வாரியத்தின் நிலையாணை 1854-லேயே கலெக்டர்களுக்குச் சொல்லியிருந்தது. அறுபது ஆண்டு கழித்து வந்த புள்ளிவிவரம், அந்த ஆணைக்கு நேர்ந்த கதியைக் காட்டுகிறது.

பிராமணரல்லாதார் இயக்கத்திலிருந்து வந்த நீதிக்கட்சியின் ஆட்சி, எழுதப்படாத சல்லடைக்கு எதிராக எழுதப்பட்ட பங்கீட்டை வைக்கத் தொடங்கியது. 1921-இல் முதல் வகுப்புவாரி அரசாணை, 1922-இல் அடுத்தது, 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம், அதற்குப் பின் வந்த ஆட்சியில் 1927 நவம்பரில் பன்னிரண்டு இடச் சுழற்சி: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. சட்டத்தின் மூலம் 1929-இல் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். தேர்வும் உண்டு, பங்கீடும் உண்டு. இரண்டையும் ஒரே அலுவலகம் நடத்தியது. ஒருவரின் பிறப்பைக் கேட்டுத்தான் இடம் ஒதுக்குகிறார்கள், லண்டன் விதியைக் குறை சொல்லிவிட்டு இதை எப்படி ஏற்பது என்ற கேள்வி இங்கே எழும். பன்னிரண்டில் ஒன்று மட்டும் ஒடுக்கப்பட்டோருக்கு என்ற கணக்கை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது அன்றைய அரசியல் பேரத்தின் கணக்கு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. இந்தப் பங்கீடு அறிவிப்பில் எண்ணாக நின்றது. எண்ணை எதிர்த்துப் பேசலாம், திருத்தலாம், வழக்குப் போடலாம். 1947-இல் அது பதினான்காக மாற்றப்பட்டு, பிற்பட்ட இந்துக்கள் தனிப் பிரிவாகி, தாழ்த்தப்பட்டோர் பங்கு இரண்டாயிற்று.

வழக்கும் வந்தது. 1949 டிசம்பரில் சென்னைத் தேர்வாணையம் 83 மாவட்ட முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியது. பங்கீடு: அரிசனர் 19, முஸ்லிம் 5, கிறிஸ்தவர் 6, பிற்பட்ட இந்துக்கள் 10, பிராமணரல்லாத இந்துக்கள் 32, பிராமணர் 11. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வேங்கடரமணா வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. அரிசனருக்கும் பிற்பட்டோருக்கும் ஒதுக்கியதை அரசமைப்பின் 16(4) பிரிவு காக்கிறது, மற்றச் சமூகங்களுக்கிடையே வகுத்த பங்கீடு செல்லாது என்றது. கல்லூரி இடங்களுக்கான செண்பகம் துரைராசன் வழக்கைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. வேலைவாய்ப்பு வரலாற்றில் இதுவே முதன்மையானது. பிறப்பைச் சொல்லும் விதியை அரசு எதற்காக வைத்தது என்று விளக்க வேண்டும், விளக்க முடிந்த அளவுக்கு அது நிற்கும் என்பதே அதன் சாரம். பெண்களை விலக்கிய விதிக்கும் இதே கதி நேர்ந்தது. சென்னையில் படித்து, விடுதலைக்குப் பின் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் எழுத்து அனுமதி பெற வேண்டும் என்ற விதியை எதிர்த்தார். அரசே விதிகளைக் கைவிடத் தொடங்கிவிட்டிருந்த நிலையில், 1979-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைக் கடுமையாகச் சாடியது. எழுத்தில் இருந்ததால்தான் இவற்றையெல்லாம் சாட முடிந்தது. பத்தொன்பது வயதையும் லண்டனையும் இலத்தீனையும் எந்த நீதிபதி சாடியிருக்க முடியும்? அவை யாரையும் குறிப்பிடவில்லையே.

கிராமத்தில் நிலைமை வேறு. அங்கே தேர்வே இல்லை. கர்ணம், மணியக்காரர் பதவிகள் பரம்பரைச் சொத்தாக இருந்தன; 1895-ஆம் ஆண்டுச் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதற்கு அரண். டெபுடி கலெக்டர் தேர்வை யார் எழுதலாம் என்று சென்னையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு சாதாரண உழவர் அன்றாடம் பார்க்கும் அரசு, அடங்கலும் சிட்டாவும் பட்டாவும், தகப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அனுபவ அறிவு அப்படித்தான் கைமாறும், ஊரின் நிலத்தை வெளியார் அறிய முடியாது என்று இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்த அறிவு யார் நிலத்தை யார் பெயரில் எழுதுவது என்ற அதிகாரமாகவும் இருந்ததை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குண்டூர் மாவட்டத்துக் கிராம முன்சீப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கில், முந்தைய பதவியாளரின் குடும்பத்துக்கு முன்னுரிமை தந்த அந்தச் சட்டத்தின் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீண்டும் அதே ஒழுங்கு: பிறப்பை வெளிப்படையாகச் சொன்ன விதி வழக்கில் வீழ்ந்தது. தமிழ்நாட்டில் பழைய அமைப்பு முழுவதுமாகப் போக இன்னும் இருபதாண்டு ஆயிற்று. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் பணி உருவாகி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எவரும் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்து அப்போது 125 ஆண்டுகள் ஆகியிருந்தன.